பரஸ்தானம் போன பச்சைப் பை

ஆக்லாந்து எவ்வளவு தூரம் என்று என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவேன். மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நேர்க்கோடு என்றாலும் பூமி உருண்டை என்பதால் அது ஒரு வளைவு. நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர் வரை நாலரை மணி நேரம், அங்கிருந்து பத்து மணி நேரம், நடுவில் காத்திருப்பது தனி. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். லஸ் முனையில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே, "பொண்ணு எங்க இருக்காங்க?" என்று கேட்டபோது விரல்களை விரித்துக் காட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. என் மகள் அனு நியூசிலாந்தில் அந்த ஊருக்குப் போய் ஆறு வருடமாகிறது. ஆரம்பத்தில் தொலைபேசியை வைப்பதற்கு முன், "ஒரு தரம் வாயேம்மா" என்பாள். நான் உடனே கிலோமீட்டரைச் சொல்வேன். "பதினாலரை மணி நேரம் ஆகாசத்துல உக்காந்துண்டு என்னடி பண்றது?" என்பேன். போன வருடம் அவளே வற்புறுத்தி விசாவும் வாங்கிக் கொடுத்தாள். அதற்கும் கிலோமீட்டரையே பதிலாகக் கொடுத்தேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சொல்வதை நிறுத்தவில்லை.

உண்மையில் எனக்கு அந்தத் தூரத்தின் மீது ஒரு புகாரும் இல்லை. தூரம் எனக்கு மிகவும் ஒத்துழைத்தது. தூரத்தில் இருக்கும்போது நானும் அனுவும் நன்றாகவே பழகுவோம். ஒரே வீட்டில் மூன்றாவது நாள் நான் அலமாரிக் கதவைச் சாத்தும் விதம் அவளுக்குப் பிடிக்காது. அவள் அதைச் சொல்லாமல் இருக்கும் விதம் எனக்குப் பிடிக்காது. ஏழு வயதில் தன் பின்னலைத் தானே போட்டுக்கொண்ட பெண். அவள் வீட்டுக்குப் போய், உப்பு எங்கே இருக்கிறது என்று அவளையே கேட்டு, நான் இல்லாமலேயே அங்கே எல்லாம் ஒழுங்காக நடப்பதை நேரில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இதை யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாதல்லவா. கிலோமீட்டரைச் சொல்லலாம்.

போன வாரம் அனு குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது ஈரப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்த பிறகு, திங்கட்கிழமை காலை அறுவை சிகிச்சை, உள்ளே தகடு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி சொன்னாள். பிறகு, "வர முடியுமாம்மா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பத்ரிநாராயணன் பக்கத்திலிருந்து, "வருவா" என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருடத்தில் என் பேச்சில் அவர் குறுக்கிட்டது அபூர்வம். அவருக்கு விசா இல்லை. எனக்கு இருந்தது, இன்னும் இரண்டு மாதம் உயிரோடு. திங்கட்கிழமைக்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி கிடைத்தது ஒரே ஒரு இருக்கை. சனிக்கிழமை காலை பத்தே கால் விமானம். அதை விட்டால் அடுத்த வாரம்தான்.

அன்று மாலையே ஆதம்பாக்கத்திலிருந்து அவருடைய அக்கா பத்மாசனி போன் செய்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. போதாததற்குப் பத்தே கால் என்பது ராகுகாலம்.

"ஏர்போர்ட் மேற்கேன்னா இருக்கு, அக்கா" என்றார் பத்ரி. "ஆத்தை விட்டுக் கெளம்பறச்ச மேற்கேதான் போறா. அப்பறம் ப்ளேன் கிழக்கே திரும்பினா அது பைலட்டுக்குத்தான் சூலம்."

"பைலட்டை அவாத்துல பாத்துப்பா. நீ பரஸ்தானம் வை."

நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த ராகுகாலத்தில் போனாலும் குற்றமில்லை. ஒரே நிபந்தனை, போன பை வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் பரஸ்தானம்.

முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் கற்பித்தவள் நான். நிறுவப்படாத எதையும் ஏற்காதே என்று பல நூறு பெண்களிடம் சொன்ன வாய் இது. அந்த வாய், "அக்கா சொல்றதுல தப்பில்லையே" என்றது. பயணத்துக்கு நடுவே எந்தத் தடை வந்தாலும் அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிற மனநிலையில் இருந்தேன்.

போகிற திசையில் இருக்கிற வீடாக இருந்தால் உத்தமம் என்றார் பத்மாசனி அக்கா. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். என்னுடன் வேலை பார்த்த சகினா தியாகராய நகரில், அது மேற்கு. சித்தப்பா பிள்ளை மாம்பலம், அதுவும் மேற்கு. எனக்குத் தெரிந்த எல்லாரும் மேற்கிலேயே வீடு வாங்கியிருந்தார்கள்.

"கிழக்கே வைக்கணும்னா கடல்லதான் வைக்கணும்" என்றார் பத்ரி.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பு, கணவர் கடலுக்குப் போகிறவர்.

"எங்க வூடு கிழக்கதான்மா கீது. அதுக்கு அப்பால தண்ணிதான். இன்னா வெக்கணும்?"

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நல்ல நேரத்தில் பச்சைப் பையை அவள் கையில் கொடுத்தேன். யார் வீடு என்று பத்மாசனி அக்கா கேட்டபோது, "தெரிஞ்சவா ஆம்" என்று பத்ரி சொன்னார். அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பைக்குள் ஒரு கம்பளி, இரண்டு புடவை. எல்லாவற்றுக்கும் மேலாக என் பாஸ்போர்ட். அதை ஏன் வைத்தேன் என்று பத்ரி அப்போது கேட்டிருந்தால், பயணத்துக்கு நிஜமாகவே தேவையான ஒரு பொருள் பையில் இருக்க வேண்டும், வெறும் துண்டை வைப்பது ஏமாற்று வேலை என்று தெளிவாக விளக்கியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நான் வைத்ததை அவர் பார்க்கவும் இல்லை.

தேசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூரம் சொன்னேன். நாலரை மணி, பத்து மணி எல்லாம் சொன்னேன்.

"பத்து மணி நேரம் தண்ணி மேலயேவா போவுது? நடுவுல எங்கியும் எறங்காதா?"

"தண்ணி மட்டும் இல்லை. பாதி நேரம் ஆஸ்திரேலியா மேல போகும்" என்று திருத்தினேன். தவறான தகவலோடு யாரையும் அனுப்புவது என் சுபாவத்தில் இல்லை.

"ப்ளேனு எத்தினி மணிக்கு?"

"பத்தே கால்."

"சரிம்மா. பை இங்க திரும்பி வராது. நீ கார்ல வந்து வாங்கிக்க."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரில் ஏறினோம். பட்டினப்பாக்கம் சாலைக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டோம். அங்கே தேசம்மா இல்லை. போன் செய்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை.

"வீட்டுக்கே போயிடலாம். எந்தப் ப்ளாக்?" என்றார் பத்ரி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் பார்த்தார்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்கு ரயிலில் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தேசம்மாவின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வரவில்லை. அவள்தான் தினமும் வருகிறாளே.

அடுக்குமாடிகளுக்கு நடுவே குழாயடியில் ஒரு பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"தேசம்மாவா? எந்தத் தேசம்மா? இட்லிக் கடை தேசம்மாவா, பெரிய தேசம்மாவா, மேரி மருமவ தேசம்மாவா?"

"வீட்டு வேலைக்கு வருவா. வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர்."

"இங்க எல்லாரும் கடலுக்குத்தான் போவாங்க. அவரு பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. பத்ரி கால்களை மாற்றி மாற்றி நின்றார். அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

"நூசிலாந்து போற அம்மாவா நீ?"

"ஆமாம்."

"பதினோராயிரம் கிலோமீட்டராமே. பாதி ஆஸ்திரேலியா மேலயே போவுமாமே. ரெண்டு நாளா அதான் சொல்லிக்கினு கீது. மேரி மருமவதான். காலைல உன் பையத் தூக்கிக்கினு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போச்சே."

"பையை எடுத்துண்டா?" என்றார் பத்ரி.

"அவ்ளோ தூரம் போவுதுல்ல, மந்திரிச்சுக்கினு வரேன்னு சொல்லுச்சு. ஏழரைக்குள்ள வந்துரும். பத்தே காலுக்குத்தானே ப்ளேனு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூரம், வேகம், நேர வித்தியாசம், ஆஸ்திரேலியா, எல்லாவற்றையும் தேசம்மாவிடம் சொன்ன நான், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும் என்பதையும், ஆறு மணிக்குப் பையை வாங்க வருவோம் என்பதையும் சொல்லவில்லை. பத்தே கால் ரயிலுக்கு ஒருவர் எப்போது கிளம்புவாரோ, அப்போது நான் கிளம்புவேன் என்று அவள் எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை.

"அந்தப் பையில என்ன இருக்கு, ஒரு கம்பளிதானே?" என்றார் பத்ரி. "விட்டுட்டுப் போயிடலாம். அங்கே கம்பளி கிடைக்கும்."

"பாஸ்போர்ட் இருக்கு."

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்து, "பெசன்ட் நகர் போப்பா" என்றார்.

"இன்னா சார், ஏர்போர்ட்டுன்னுதானே புக் பண்ணீங்க? இப்படியே போனா பீச்சுதான் வரும்."

"அங்கேருந்து ஏர்போர்ட் போலாம். கொஞ்சம் சீக்கிரம்."

அடையாறு பாலத்தில் ஏறும்போது, பத்ரி பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு நான் என்னைச் சோதித்துப் பார்த்தேன். இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது மாதிரி. இருந்தது. கொஞ்சம் நிம்மதி, உள்ளே ஒரு ஓரத்தில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விமானம் போய்விட்டால் அது யார் குற்றமும் இல்லை. சூலத்தின் குற்றம், தேசம்மாவின் பக்தியின் குற்றம். நான் முயன்றேன், மாதா கோயில் வரை துரத்தினேன் என்று சொல்லலாம். நல்ல கதையாகவும் இருக்கும். அனுகூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "பரவால்லம்மா" என்பாள். அந்தப் "பரவால்லம்மா"வை நான் இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

அப்போது போன் அதிர்ந்தது. தேசம்மா என்று நினைத்து எடுத்தேன். அனு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜன்னல் ஓரம் ஒரு கட்டில். அதன் மேல் சுருக்கம் நிறைந்த ஒரு மஞ்சள் விரிப்பு, ஒரு மூலை மெத்தைக்குள் போகாமல் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் அவளுடைய ஊன்றுகோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "உன் கட்டில். ஒத்தைக் கால்ல விரிச்சேன். உப்பு அடுப்புக்கு இடது பக்கம், முதல் டிராயர்."

உப்பைப் பற்றி நான் அவளிடம் பேசியதே இல்லை.

நான் அந்தத் துருத்திக்கொண்டிருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மெத்தையைத் தூக்கியிருக்கிறாள். மூன்று மூலை முடிந்திருக்கிறது. நான்காவது முடியவில்லை, விட்டுவிட்டாள். அனு எதையும் முக்கால்வாசியில் விடுகிறவள் இல்லை. உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருந்த நிம்மதி எழுந்து எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஏன் இவ்வளவு மெதுவா போறேள்?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"சிக்னல்மா."

"இந்த நேரத்துல சிக்னலை யாரு பாக்கறா?"

பத்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வேகத்துக்கு மேல் ஆட்டோ போனால் ஓட்டுநரின் தோளைத் தட்டுகிறவள் நான். மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். இவ்வளவு நீளமான நாலைந்து கிலோமீட்டரை நான் கேள்விப்பட்டதில்லை.

கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஓடினேன் என்று நான் சொல்கிறேன். முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும். பூசை முடிந்திருந்தது. முன்னால் ஒரு வரிசை நின்றது. வண்டிச் சாவி, தேர்வு நுழைவுச் சீட்டு, புது வீட்டுப் பத்திரம், ஒரு கைக்குழந்தை என்று ஒவ்வொருவரும் எதையோ ஏந்திக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் ஐந்தாவதாக, பச்சைப் பையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு தேசம்மா நின்றாள்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. நகர்ந்து தனக்கு முன்னால் இடம் விட்டாள்.

"வாம்மா. நீயே பையப் புடி, அதான் நல்லது."

"தேசம்மா, நேரமாச்சு. மூணு மணி நேரம் முன்னாடியே போகணும் அங்கே."

"அய்ய, அத்த ஏன் சொல்லல நீ? ஆஸ்திரேலியா எல்லாம் சொன்னியே."

"மறந்துட்டேன்."

"நாலு பேருதான். நில்லு. பாப்பா காலுக்குத்தானே வேண்டிக்கினு கீறேன்."

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். வாசலில் பத்ரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் என் மகளின் காலுக்காக விடியற்காலையில் எழுந்து பேருந்து பிடித்து வந்த ஒருத்தியிடமிருந்து, என் மகளின் கட்டிலுக்குப் போக வேண்டிய பையைப் பிடுங்க எனக்கு வரவில்லை. நின்றேன். தர்க்கம், சூலம், ராகுகாலம் எல்லாவற்றையும் காரில் செருப்போடு விட்டாயிற்று. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, நான் போக வேண்டும் என்பது. அதை யாரிடமாவது கேட்டே தீர வேண்டும் போலிருந்தது. முன்னால் மாதா இருந்தார், அவரிடம் கேட்டேன். மொழி தெரியாத ஊரில் வழி கேட்பவள் மாதிரிதான் கேட்டிருப்பேன்.

பாதிரியார் தெளித்த தண்ணீரில் பைக்கு ஒரு பங்கு, என் மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு பங்கு விழுந்தது. துடைக்காமலேயே வெளியே வந்தேன்.

தேசம்மா கார் வரை வந்தாள். பத்ரி பையை வாங்கி, திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனி என்னை நம்புவதாக இல்லை.

"எங்க வூட்டுக்குப் போனியாம்மா?"

"குழாய் வரைக்கும் போனேன். எந்த வீடுன்னு தெரியலை."

"திரும்பி வந்து பாரு. இன்னா, தூரமா கீது?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலியா என்று தெரியவில்லை. கேலி செய்ய அவளுக்கு முழு உரிமை இருந்தது.

விமான நிலைய வாசலில்தான் பத்ரி பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார். உள்ளே கடைசிக்கு முந்தைய ஆளாகப் பெட்டியைப் போட்டேன். எனக்கும் பின்னால் ஒருவர் ஓடி வந்ததில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பத்ரி கையை ஆட்டினார். ஆட்டிய கையாலேயே போ, போ என்றும் காட்டினார். எங்கே திரும்பி வந்துவிடுவேனோ என்ற சந்தேகம் அவருக்கு முழுதாகப் போகவில்லை.

இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு அனுவுக்கு எழுதினேன்: "ஏறிட்டேன்."

உடனே பதில் வந்தது. "நிஜமாவா? போட்டோ அனுப்பு."

ஆறு வருடம் கிலோமீட்டரைக் கேட்ட பெண் அத்தாட்சி கேட்டாள். நியாயம்தான். நானே என்னைப் படம் எடுத்தேன். பாதி முகவாய், ஒரு காது, தண்ணீர்ப் புள்ளி காய்ந்த மூக்குக் கண்ணாடி, அதற்குப் பின்னால் விமானத்தின் ஜன்னல். இதைவிட மோசமாக ஒரு படம் எடுக்க முடியாது. அனுப்பினேன்.

பணிப்பெண் போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். எங்கள் வரிசைக்கு வரும்போது பதில் வந்தது.

"சரி. வா."

மணியைப் பார்த்தேன். ராகுகாலம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. விமானம் நகர ஆரம்பித்தது. சிங்கப்பூருக்கு இன்று பயண நேரம் நாலு மணி ஐந்து நிமிடம் என்று விமானி அறிவித்தார். ஆறு வருடமாக நான் ஊர் முழுக்க நாலரை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.